புதன்கிழமை கெட்டுப்போகும் கல்யாணம்

மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வெவ்வேறு சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும். கணினியில் படம் வெட்டி ஒட்டுகிறவர்களுக்கெல்லாம் பொதுவான விதி இது. யார் இயற்றினார்கள் என்று தெரியாது. அரசாணை எண்ணும் கிடையாது. ஆனாலும் கருவூலத்தில் நகலுக்கு நகல் எடுத்து, நகலெடுத்ததற்கு ஒரு குறிப்பும் எழுதி, அந்தக் குறிப்புக்கு இன்னொரு நகல் எடுத்து ஓய்வு பெற்ற எனக்கு இந்த விதியைப் படித்ததும் வெளியூர் பேருந்து நிலையத்தில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம்.

ஓய்வு பெற்ற பிறகு என் சகாக்கள் ஆளுக்கொரு வழியில் போனார்கள். சிலர் கோயில் கமிட்டி, சிலர் மனை வியாபாரம், பலர் சர்க்கரை அளவு. நான் ஒரு நல்ல கணினி வாங்கி, இணையத்தில் பாடம் கேட்டு, படத்தொகுப்பு கற்றுக்கொண்டேன். வட்டக்கோட்டைக்குக் குடும்பத்தோடு போன ஒரு ஞாயிற்றுக்கிழமையை முதலில் தொகுத்தேன். கோட்டைச் சுவரும் கடலும் மாறி மாறி வரும், பின்னணியில் வீணை. கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் மனைவி அதை முழுதும் பார்த்துவிட்டு, "கோட்டை நல்லாருக்கு. நடுவுல நம்மளும் வந்திருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு மனிதர்களையும் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் வீடு நாகர்கோவிலுக்குத் தெற்கே, கடலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சந்தின் வளைவில் இருக்கிறது. சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு குருசடி, அதாவது தெருவோரச் சிறு கோயில். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர் அதில் நிற்கிறார். குருசடிக்கு அடுத்த வீட்டில் இருப்பவர் விடியற்காலையில் கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்து, மதியம்வரை சந்தையில் விற்கிற அம்மாள். சந்தையில் பேசிப் பேசி உரம் ஏறிய குரல் அவருக்கு. ரகசியமாக ஏதாவது சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு சொல்வார்; சந்துக்குக் கேட்கும்.

அவருடைய கணவருக்கு வளைகுடாவில், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலை. இந்த வருஷம் ஈஸ்டர் கழிந்து மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளைக்கும் வெளிநாட்டில் வேலை. அவருடைய லீவும் மாமனாருடைய லீவும் ஒத்து வரவில்லை. கடைசியில் மாமனார் இல்லாமலேயே கல்யாணம் நடந்தது. நேரலைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்குள் நுழைந்ததும் திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கல்யாணப் பூசை முடிந்து வெளியே வரும்வரை அது சுற்றிக்கொண்டே இருந்தது. தகப்பன் மகளுடைய கல்யாணத்தில் பார்த்தது அந்த வட்டத்தைத்தான்.

அதைக்கூடப் பொறுத்திருப்பார். விஷயம் வேறு. கோயிலுக்குப் புறப்படுமுன் பெண் முட்டுக்குத்தி, அதாவது மண்டியிட்டு, வீட்டுப் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்குவது வழக்கம். தாய்க்கும் தகப்பனுக்கும் நடு முற்றத்தில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். தகப்பனுடைய நாற்காலியில் அவருடைய அண்ணன் வந்து உட்கார்ந்திருக்கிறார். அம்மாள் அவரை எழுப்பிவிட்டு, அங்கே ஒரு துண்டை விரித்து, காலி நாற்காலிக்கு முன்னால் மகளை முட்டுக்குத்த வைத்துவிட்டார். அண்ணன் அன்று மாலையே வளைகுடாவுக்குப் போன் போட்டு, நாலு பேர் முன்னால் தன்னை எழுப்பி விட்டதாகச் சொன்னார். எழுப்பியது உண்மை. ஏன் எழுப்பினார் என்பதை அண்ணன் சொல்லவில்லை. உறவினர்களின் போனில் இருந்த துண்டுப் படங்களிலும் அது இல்லை. வீடியோக்காரருடைய முதுகும், அதற்கு மேலே அண்ணனுடைய கடுத்த முகமும்தான் தெரிந்தன.

அன்று முதல் கணவர் பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மாள் எது அனுப்பினாலும் பதில் இல்லை. ஒரே ஒரு தடவை எழுதினார்: துண்டு துண்டாக ஒன்றும் அனுப்ப வேண்டாம், முழுதாக இருந்தால் அனுப்பு.

"சாரே, முழுசாச் செய்து தரணும்" என்று அம்மாள் ஒரு பை நிறைய நெத்திலியும், வீடியோக்காரரிடம் அப்படியே நகல் வாங்கிய பதிவுகளுமாக வந்து நின்றார். "அந்த வீடியோக்காரனுக்க ஆல்பத்துக்குக் காத்திருந்தா, பேரப்பிள்ளைக்க ஞானஸ்நானமும் முடிஞ்சு போவும். அவிய ஓணத்துக்கு முன்ன கரைக்கு வருவாவ. நாலு நாளு நிப்பாவ. பின்ன வேற மேடைக்கு மாத்துதாவ, அங்க நெட்டு கெடையாது. அதுக்குள்ள அவிய பாக்கணும்."

ஆசீர்வாதக் காட்சியை மட்டும் வெட்டி உடனே அனுப்பலாமே என்றேன்.

"அத மட்டும் அனுப்புனா, நான் நியாயம் பேச அனுப்புனேன்னு நெனப்பாவ. கல்யாணத்தோட சேந்துல்லா வரணும். பாத்துகிட்டே இருக்கையில அதுவா வரணும்."

இவ்வளவு நல்ல வாதத்தை நான் பணியிலிருந்த காலத்தில் எந்தக் கோப்பிலும் படித்ததில்லை. ஒப்புக்கொண்டேன்.

விதிப்படி மூன்று பிரதிகள் எடுத்தேன். இரண்டு கேமராவின் பதிவுகள். நிச்சயத்திலிருந்து மறுவீடு வரை. கணினிக்குள் இடம் போதாது. அதனால் தனி மின்இணைப்புள்ள பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்றில் முதல் பிரதி. வேறு நிறுவனத்தின் டிஸ்க்கில் இரண்டாவது. மூன்றாவதை ஒரு சிறிய டிஸ்க்கில் போட்டு, துணி உறையிலிட்டு, வாய் தைத்து, தையலின் மேல் அரக்கு வைத்து அம்மாளிடம் கொடுத்தேன். அவர் அதைத் தன் அலமாரியில், கல்யாணப் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்தார். அரக்கு தேவையில்லை என்று மனைவி சொன்னாள். அவள் கருவூலத்தில் வேலை பார்த்தவள் அல்ல.

காலையில் உட்கார்ந்து வெட்டுவேன். மாலையில், அன்றைய வேலையைக் கணினி கோர்த்து ஒரே படமாக இரண்டு டிஸ்க்கிலும் எழுதும்படி ஏற்பாடு செய்துவிட்டு, சந்து முக்குக்கு நடந்து போய் டீ குடிப்பேன். படத்தை எழுதி முடிக்க அதற்கு நிறைய நேரம் ஆகும். எனக்கும் முக்கில் அவ்வளவு நேரம் ஆகும். மறுநாள் காலையில்தான் மறுபடி கணினி முன்னால் போவேன். அப்படி ஒரு புதன்கிழமை காலையில் போய் உட்கார்ந்தபோது, டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யட்டுமா என்று திரை கேட்டது. மரியாதையாகத்தான் கேட்டது. இரண்டாவது டிஸ்க்கைத் திறந்தேன். அதுவும் அதே கேள்வியை அதே மரியாதையோடு கேட்டது.

வெட்டி வைத்திருந்த வேலையும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. நிச்சயம், பரிசம், மாப்பிள்ளை அழைப்பு எல்லாம் போயிற்று.

பழுது நீக்குவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் கேபிளை மாற்ற வேண்டும். அடுத்து, செருகும் இடத்தை மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும்; எடுத்த எடுப்பில் டிஸ்க்கைச் சந்தேகிப்பது, விசாரணை இல்லாமல் ஆளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்வதற்குச் சமம். கேபிளை மாற்றினேன். இடத்தை மாற்றினேன். அம்மாள் வீட்டில் போய், "சரிபார்ப்பதற்காக" அந்த உறையை வாங்கி வந்து, அரக்கை உடைத்து, இரண்டு டிஸ்க்கையும் ஃபார்மட் செய்து மறுபடி நகலெடுத்தேன். மாலைக்குள் மூன்றாவது பிரதியைக் கழற்றி, தைத்து, அரக்கு வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். வெட்டும் வேலையை மட்டும் இனி கணினிக்குள்ளேயே வைப்பது என்று முடிவு செய்தேன். ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அடுத்த புதன்கிழமை காலை, திரை நிறையச் சிவப்புக் கட்டங்கள். வெட்டியவை இருக்கின்றன, வெட்டப்பட்டவை இல்லை. மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் 'கோப்பு கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தது.

டிஸ்க்குகளை எடுத்துக்கொண்டு மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்குப் போனேன். நெரிசலில் பஸ் ஊர்ந்த நேரத்தில் ஒரு கல்யாணத்தையே தொகுத்திருக்கலாம். கடைக்காரர் டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார்.

"சாரே, இது கொள்ளாம். ஒரு கேடும் இல்ல."

"கேடு இல்லாமலா வாராவாரம் கெடுகிறது?"

"வீடு எங்கயாக்கும்? கடலுக்குப் பக்கமா? அப்பம் உப்புக்காத்துதான். இந்தப் பின்னுல உப்புப் பிடிக்கும். களியக்காவெளைக்கு அங்கோட்டு, கேரளத்துல, இந்தக் கேடு வராது பாத்துக்கிடுங்க."

உப்புக்காற்று புதன்கிழமை மட்டும்தான் அடிக்குமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "சாரு பேசாம வீட்ட மாத்துங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

ஆம், புதன்கிழமை. அதை நான் கண்டுபிடித்திருந்தேன். பழுதுகளுக்கு ஒரு பதிவேடு திறந்து, 'பழுது கண்டறியப்பட்ட நாள்' என்று ஒரு பத்தி போட்டிருந்தேன். அதில் எல்லா வரியிலும் புதன். மென்பொருள் நிறுவனங்கள் வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து நமக்குத் தெரியாமல் கணினிக்குள் புகுந்து திருத்தங்கள் செய்கின்றன என்று படித்திருக்கிறேன். அது நம் கணக்கில் புதன்கிழமை விடிகிற நேரத்துக்குச் சரியாக வந்தது. சந்தேகம் உறுதியாயிற்று. புதன்கிழமைகளில் இணையத்தைத் துண்டித்தேன். பிறகு புதன்கிழமை முழுதும் கணினியையே திறக்காமல் விரதம் இருந்தேன். வியாழக்கிழமை காலையில் திறந்து பார்த்தேன். புதன்கிழமை திறக்காமலேயே கெட்டிருந்தது.

"புதன்கெழமய என்ன செய்யப் போறியோ? மெமோ குடுக்கப் போறியளா?" என்று மனைவி கேட்டாள். பலாக்கொட்டையைத் தோல் உரித்துக்கொண்டே கேட்டாள். பதில் எதிர்பார்க்காத கேள்விகளை அவள் எப்போதும் ஏதாவது உரித்துக்கொண்டுதான் கேட்பாள்.

டிஸ்க் தயாரித்த நிறுவனத்துக்கும் எழுதினேன். பொருள், பார்வை, விவரம், வேண்டுகோள், இணைப்புகள் என்று ஒழுங்காக எழுதிய விண்ணப்பம். உங்கள் கடிதம் எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு நொடியில் பதில் வந்தது. இவ்வளவு விரைவாகப் படிக்கிறவர்கள் ஒன்றும் படிப்பதில்லை என்பது என் அனுபவம்.

இதற்குள் அம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சரிபார்ப்பு, மறு சரிபார்ப்பு, மேலாய்வு என்று நான் சொன்ன காரணங்கள் எல்லாம் தீர்ந்து, அடுத்த தடவை ஒன்றும் சொல்லாமல் வாசலில் போய் நின்றேன். அவர் அலமாரியைத் திறந்தார்.

"பின்னயும் போயிட்டா சாரே?"

"போகவில்லை. கிடைக்கவில்லை."

"ரெண்டும் ஒண்ணுதானே. மீனு அழுவினாலும் அழுவல்லன்னாலும், வாங்க ஆளு இல்லன்னா தூரத்தான் போடணும்." உறையை என் கையில் வைத்தார். "வெப்ராளப்படாதீங்க, கவலை வேண்டாம். நான் சொல்ல வேண்டிய எடத்துல சொல்லியிருக்கேன். தொலைஞ்சதக் கண்டுபிடிச்சுக் குடுக்கதுதானே அவருக்க வேலை. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம ஒங்க பெட்டிக்கும் சேத்துத்தான் செபம்."

செவ்வாய் மாலைகளில் குருசடியில் செபம் உண்டு. அதை நடத்துவதும் அம்மாள்தான். பாட்டுக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் முக்கில் இருப்பேன். முன்பு ஒரு மைக் மட்டும் இருந்தது. இப்போது நேர்ச்சையாகச் சீரியல் பல்பும் போடுகிறார் என்று மனைவி சொன்னாள். அதற்கும் அடுத்த வாரம் புனிதரின் தலைக்குமேல் சுற்றுகிற வண்ண விளக்கும் வந்தது. விளக்குகள் கூடக் கூட என் டிஸ்க்குகளின் நிலைமை மோசமாகிக்கொண்டு போனது. முன்பு படிக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த திரை, இப்போது அப்படி ஒரு டிஸ்க்கே இல்லை என்று சாதித்தது.

ஆடி முடிந்தது. ஆவணி பிறந்து, சந்தையில் ஓணத்துக்கு ஏத்தவாழைக் குலைகள் வந்து இறங்க ஆரம்பித்தன. அம்மாளின் கணவர் கரைக்கு வரும் நாள் நெருங்கியது. நான் எத்தனையாவது தடவையோ மறுபடி நகலெடுத்து, கோயிலிலிருந்து வரவேற்பு வரை முடித்து, கடைசியாக முழுப் படத்தையும் கோர்க்க வேண்டிய கட்டத்துக்கு வந்தேன். அன்று சாயங்காலம் நல்ல மழை பிடித்தது. முக்குக்குப் போக முடியவில்லை. எழுதச் சொல்லிவிட்டு, மேசை முன்னாலேயே காபியோடு உட்கார்ந்துவிட்டேன்.

திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நீண்டுகொண்டிருந்தது. இரண்டு டிஸ்க்கின் நீல விளக்குகளும் மினுங்கிக்கொண்டிருந்தன. மழை கொஞ்சம் ஓய்ந்தது. திடீரென்று இரண்டு நீல விளக்கும் அணைந்தன. யுபிஎஸ் பெட்டி ஒரு தடவை கீ என்றது. விளக்குகள் மறுபடி எரிந்தன. பச்சைக் கோடு நின்றுவிட்டது. தலைக்கு மேலே மின்விசிறி ஒன்றும் நடக்காதது போல் சுற்றிக்கொண்டிருந்தது. அறை விளக்கு கண் சிமிட்டக்கூட இல்லை.

வெளியே ஒலிபெருக்கி சொன்னது: "அலோ. அலோ. மைக் டெஸ்ட்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் போர்ட்டிகோவில், தலையில் முக்காடு போட்டு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். சுவரிலிருக்கும் சுவிட்ச் பெட்டியின் கைப்பிடியைக் கீழே தள்ளினார். டிஸ்க்குகள் அணைந்தன, பெட்டி கீ என்றது. சீரியல் பல்பின் பிளக்கை நிதானமாகச் செருகினார். கைப்பிடியை மேலே ஏற்றினார். டிஸ்க்குகள் எரிந்தன. மறுபடி கீழே தள்ளினார். இது வண்ண விளக்குக்கு.

குருசடிக்குத் தனி மின்இணைப்பு கிடையாது. என் அப்பா காலத்தில் வாய்ச்சொல்லாகக் கொடுத்த அனுமதியில், எங்கள் போர்ட்டிகோ பிளக்கிலிருந்துதான் அதற்குக் கரண்டு போகிறது. கணினி இருக்கிற முன்னறையின் சுவர் பிளக்குகளும் அதே கைப்பிடிக்குக் கீழேதான் வருகின்றன. விளக்கும் மின்விசிறியும் இன்வெர்ட்டரில்; அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. கணினி யுபிஎஸ்ஸில், அதற்கும் ஒன்றும் தெரியாது. டிஸ்க்குகளின் அடாப்டர்கள் மட்டும் சுவரில். படம் எழுதிக்கொண்டிருக்கிற டிஸ்க்கின் உயிரை எழுத்தின் நடுவிலே பிடுங்கினால் அது கெடாமல் என்ன செய்யும்? இரண்டும் ஒரே சுவரில் இருந்ததால் இரண்டும் ஒன்றாகவே கெட்டன. வேறு சாதனம், வேறு கூரை என்றெல்லாம் சொன்ன விதி, வேறு பிளக் என்று சொல்லவில்லை.

செவ்வாய் மாலை கெட்டதை நான் புதன் காலையில் கண்டறிந்து, புதன் என்று பதிந்து, புதனை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெளியே போனேன். என்னைக் கண்டதும் அம்மாளுக்குச் சந்தோஷம்.

"சாரு இன்னிக்கு வீட்டுலயா இருக்கியோ? பாருங்க, நீங்க சொன்ன மாதிரியேதான். அணைக்காம ஒரு நாளும் பிளக்கு குத்தினது இல்ல."

நான் சொன்னது மாதிரி! சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழைநாளில் இதே இடத்தில் அவருக்கு ஷாக் அடித்தது. அப்போது நான் அருகில் நின்று, முதலில் கைப்பிடியைக் கீழே தள்ள வேண்டும், பிறகு பிளக்கைச் செருக வேண்டும், பிறகுதான் மேலே ஏற்ற வேண்டும், ஒவ்வொரு பிளக்குக்கும் இப்படித்தான் என்று விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தேன். என் பணிக்காலத்தில் எத்தனையோ சுற்றறிக்கைகள் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கியவர்கள் உண்டு. படித்தவர்களும் ஒரு சிலர் இருந்திருக்கலாம். வரி பிசகாமல் கடைப்பிடித்த ஒரே ஆள் இப்போது ஈர முக்காட்டோடு என் முன்னால் நின்றார்.

 மனைவி வந்து, எட்டிப் பார்த்து, நிமிஷத்தில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். "செவ்வாக்கெழம தோறும் அந்தப் பெட்டி கீ கீன்னு கத்தும். நான் கரண்டு போவுதுன்னு நெனச்சேன்" என்றாள்.

"என்கிட்டே ஏன் சொல்லவில்லை?"

"நீங்க புதன்கெழமயப் பத்தி மட்டும்தானே கேட்டியோ?"

பிறகு அவளே அம்மாளுக்கு விளக்கினாள். நான் விளக்கியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். அம்மாளுடைய கை வாய்க்குப் போனது.

"எனக்க மாதாவே! அப்பம் நான் செபம் பண்ணப் பண்ணத்தான் கெட்டுதா?"

"செபத்துனால இல்ல, பிளக்குனால" என்றாள் மனைவி.

"நேர்ச்சைக்குன்னு வெளக்கக் கூட்டிக் கூட்டிப் போட்டேனே!" அம்மாள் குருசடியைத் திரும்பிப் பார்த்தார். முகம் கொஞ்சம் கோணியது. பிறகு எங்கிருந்தோ சிரிப்பு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாவம் மனுஷன்! ஒரு பக்கம் நான் தொலைச்சுக் குடுக்கேன், மறு பக்கம் நானே கண்டுபிடிச்சுத் தாரும்னு கேக்கேன். அவருதான் என்ன செய்வாரு?"

ஒரே மனுதாரர் ஒரே பொருள் குறித்து முரண்பட்ட இரண்டு மனுக்கள் கொடுத்தால் அலுவலர் இரண்டையும் நிலுவையில் வைப்பதுதான் நடைமுறை என்றேன். செபத்துக்கு வந்திருந்தவர்கள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏட்டி, அங்க என்ன சிரிப்பு? செபமாலை தொடங்காண்டாமா?" என்று சத்தம் போட்டார்கள். மைக் திறந்தே இருந்தது.

அடாப்டர்களை யுபிஎஸ்ஸில் செருகப் போனபோதுதான் அவை ஏன் சுவருக்குப் போயின என்று நினைவு வந்தது. யுபிஎஸ்ஸின் பின்னால் இடமில்லை. கணினி, திரை, இணையப் பெட்டி, அவற்றோடு ஒரு கொசுவிரட்டி. கரண்டு போனாலும் கொசு கடிக்கக் கூடாது என்று மனைவி கேட்டுக்கொண்டதற்கு இணங்க நான்தான் அதை அங்கே செருகியிருந்தேன். ஆவணியின் பாதிவரை எங்கள் வீட்டில் தடையில்லா மின்சாரம் பெற்றுவந்தது கொசுவிரட்டி. அதைக் கழற்றினேன். ஒரு எக்ஸ்டென்ஷன் பலகையை இணைத்து, இரண்டு டிஸ்க்கையும் யுபிஎஸ்ஸுக்குள் கொண்டுவந்தேன். போர்ட்டிகோக் கைப்பிடியை நானே நாலைந்து தடவை கீழே தள்ளிப் பார்த்தேன். யுபிஎஸ் கீ என்றது. நீல விளக்குகள் அசையவில்லை.

கடைசித் தடவையாக அரக்கை உடைத்து நகலெடுத்தேன். வெட்டு முழுதும் இருந்ததால் சிவப்புக் கட்டங்களில் ஒவ்வொன்றாகப் படம் திரும்பி வந்தது. ஆசீர்வாதக் காட்சியை நான் எங்கும் வெட்டவில்லை. வீடியோக்காரரின் கேமரா நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்ததால் சத்தம் தெளிவு. அண்ணன் உட்காருகிறார். அம்மாளுடைய குரல், சந்தைக்குரல் அல்ல, நான் அதுவரை கேட்டிராத ஒரு தாழ்ந்த குரல்: "அண்ணே, கோவிக்காதீங்க. இது அவியளுக்க எடம். அவிய இல்லாட்டியும் அவியதான் இதுல இரிக்கணும். நீங்க எனக்க பக்கத்துல வந்து நில்லுங்க." பிறகு துண்டை விரிக்கிறார். மகள் முட்டுக்குத்துகிறாள். இதில் வீணையைச் சேர்க்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சேர்க்கவில்லை.

படத்தை இணையத்தில் ஏற்றவே ஒரு பகல் முழுதும் ஆயிற்று. அம்மாள் சந்தையிலிருந்து வந்ததும் அதற்கான இணைப்பைத் தன் கையாலேயே கணவருக்கு அனுப்பினார். அவர் கரை இறங்கியிருந்தார். மறுநாள் காலையில் அம்மாள் மதில் மேலாகப் போனை நீட்டினார்.

"ரெண்டு டிக்கும் நீலம் ஆயாச்சு சாரே."

"பதில்?"

"ஒண்ணும் சொல்லல்ல."

அடுத்த நாளும் அதே நீலம். அதற்கடுத்த நாள் அம்மாள் மதிலுக்கு வரவில்லை. மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, மீன் அரிந்துகொண்டிருக்கிறார், பேச்சில்லை என்றாள். படம் முழுதும் ஓடினால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். நான் நறுக்கென்று வெட்டியிருக்க வேண்டுமோ என்று எனக்குக் கவலை. கரையில் அவருக்கு இருந்த நாலு நாளில் மூன்று போய்விட்டது. டிஸ்க் நிறுவனத்திலிருந்து, என் கடிதம் இன்னும் முக்கியமானதாகவே இருக்கிறது என்று இரண்டாவது மின்னஞ்சல் வந்தது.

அன்று செபத்துக்கு அம்மாள் வந்தார். அன்று முதல் புது நடைமுறை. முதலில் எங்கள் அழைப்பு மணியை அடிப்பார், நான் ஜன்னல் வழியாக "அணைக்கலாம்" என்று சொல்வேன், பிறகுதான் கைப்பிடியைத் தொடுவார். அதற்கு அவசியமில்லை என்று நான் சொல்லியும் விடவில்லை. மைக், சீரியல் பல்பு, வண்ண விளக்கு எல்லாம் செருகிவிட்டுக் குருசடிக்குப் போனார். பெண்கள் கூடியிருந்தார்கள். அவர் மைக் முன்னால் முட்டுக்குத்தியபோது இடுப்பில் போன் ஒலித்தது. பார்த்தார். குரல் செய்தி. அப்படியே அழுத்திவிட்டார். மைக்குக்குப் பக்கத்தில் அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

வளைகுடாவில் இருந்த மனிதரின் குரல் எங்கள் சந்து முழுதும் கேட்டது.

"ஏட்டி... ரெண்டு தரம் பாத்தேன். இன்னிக்கும் பாத்தேன்." ஒரு இருமல். "அந்தக் கசேரயில நீ விரிச்சது எனக்க துண்டு இல்ல கேட்டியா? பச்சக்கரை போட்டது அண்ணனுக்க துண்டு. அவன எழுப்பி விட்டுட்டு அவனுக்க துண்டயே விரிச்சிருக்க. அவனுக்குக் கோவம் வராம என்ன செய்யும்?" குருசடிக்கு முன்னால் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கினார்கள்.  பிறகு, குரல் தாழ்ந்து: "எனக்க எடத்துல ஒருத்தனையும் இருத்தாம வச்சிருந்தியே, மக்கா. அவன் அத எங்கிட்டச் சொல்லல்ல. செரி, கிறிஸ்மசுக்கு வாறேன். அந்தத் துண்ட அண்ணனுக்கிட்டக் குடுத்துரு."

அம்மாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். அவர் மூக்கை உறிஞ்சியதும் சந்து முழுதும் கேட்டது. மனைவி கையில் பாதி உரித்த பூண்டோடு வாசலில் நின்றாள், எதுவும் கேட்கவில்லை.

பதிவேட்டை எடுத்து, பழுதுப் பத்திக்குப் பக்கத்தில் கோடு போட்டு எழுதினேன். பதில் வரப்பெற்ற நாள்: ஓணத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை.